உறை கழற்றாத உறுமி

14 மே 2025, புதன்

காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குச் செய்திமடலில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, பங்குத்தந்தையின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "நன்றி, முரியல்" என்றார். நன்றி சொல்கிற முகமாக இல்லை. பரவாயில்லை. தப்பைக் கண்டும் பேசாமல் போகிற பிள்ளையைக் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் வெயிலில் நிற்க வைப்பார்கள்.

பிற்பகலில் என் இறுதிச் சடங்குக் குறிப்பைப் புதுப்பித்தேன். டக்ளஸ் போனபோது ஆளாளுக்கு ஒன்று சொல்லி, பாடல்கள் மாறி, யார் யாரோ பேசி... கணவரைப் புதைத்த நாளில்கூட எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. அந்தக் குளறுபடி எனக்கு வேண்டாம். எந்தப் பாடல், எந்த வாசகம், பெட்டி எந்த மரம், யார் பேசலாம், எப்போது உட்கார வேண்டும், எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசி வரி: மேளம், பட்டாசு கூடாது, கேட் சாத்தியிருக்க வேண்டும்.

கிளாரிஸ்ஸாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "மம்மி, இது ஃபியூனரலா, கம்பெனி மெர்ஜரா?" என்று சிரித்தாள். கம்பெனிகளை வாங்கி, விற்று, இணைத்தே காலம் தள்ளிய என்னைப் போன்ற வக்கீலின் மகள், வேறு எப்படிப் பேசுவாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இந்த நோட்டைத் தமிழில் எழுதுவதில் அந்த ஒரு வசதி உண்டு.

16 மே, வெள்ளி

உறுமி மேளப் பிள்ளைகளுக்கான ஒப்பந்தம் முடிந்தது. ஏட்ரியன் கொண்டுவந்த நகலைக் குப்பையில் போட்டுவிட்டு நானே எழுதினேன். அறக்கட்டளையின் நிர்வாகி, படித்த வக்கீல், ஆனால் ஓட்டை விட்டு எழுதுகிறான்.

டக்ளஸ் பெயரில் இருக்கும் அறக்கட்டளை இதுவரை பியானோ, கொயர், வீணை, பரதம் என்றுதான் உதவியிருக்கிறது. உறுமி என் யோசனை அல்ல. போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த விழா இயக்குநர் ஒருவரின் கார், பெஸ்தாரி ஜெயா ரோட்டில் ஒரு சாவு ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. மனிதர் கண்ணாடியை இறக்கிக் கேட்டிருக்கிறார். என் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, "இதையெல்லாம் விட்டுவிட்டு நீங்கள் ஏன் பியானோவுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். எல்லாருக்கும் முன்னால். அன்றிரவே முடிவு செய்தேன்.

சின்ன ஆத்துத் தோட்டத்து மேளச் செட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆகஸ்டில் கோலாலம்பூர் அரங்கில் அரங்கேற்றம். அதுவரை அவர்கள் வேறு எங்கும் அடிக்கக்கூடாது. ஊர்வலத்தில் அடிதடி, போலீஸ், பத்திரிகையில் படம் — டக்ளஸ் பெயர் அதில் வரக் கூடாது. அது ஏழாவது ஷரத்து. "நிகழ்ச்சி" என்பதற்கு நான் எழுதிய விளக்கத்தை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்: எந்த இடத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், கட்டணத்தோடோ கட்டணமில்லாமலோ, பிறர் முன்னிலையில் வாசிக்கும் எதுவும். ஓர் ஊசிகூட நுழையாது. கை இன்னும் மறக்கவில்லை.

17 மே, சனி

பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். தலைவன் குகன், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். நகத்தைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு வந்திருந்தான். அதைக் கவனித்தேன். மற்றவர்கள் என் வரவேற்பறை நாற்காலிகளில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குகனின் அப்பா சத்தியசீலனும் வந்திருந்தார். செட்டை ஆரம்பித்தவர் அவர்தானாம். வெள்ளைச் சட்டை, கழுத்து எலும்பு தெரிகிற உடம்பு. ஏட்ரியன் ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் விளக்கியபோது எதுவும் பேசவில்லை. ஏழாவது வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார். "எல்லாத்துக்குமாங்கம்மா?"

"எல்லாத்துக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "அப்ப சரி. போடு தம்பி" என்று மகனிடம் சொன்னார்.

நல்ல மனிதர். இழுத்துப் பேசாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

2 ஜூன், திங்கள்

மாமரத்தில் குரங்குகள். வள்ளியம்மா விளக்குமாற்றோடு நின்று அவற்றோடு பேரம் பேசுகிறாள். வேலைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் மேசை நாப்கினை மூன்றாக மடிக்க வரவில்லை.

19 ஜூன், வியாழன்

கொயர் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஆல்டோ குரல்கள் மோசம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைத்துக்கொண்டிருந்தபோது ஏட்ரியன் அழைத்தான். உறுமிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஏதோ அடிக்க வேண்டுமாம், அனுமதி கேட்கிறார்களாம்.

"என்ன காரணமானாலும் முடியாது" என்றேன்.

"ஆன்ட்டி, இது குகன் ஃபேமிலியில..."

"எல்லாருக்கும் குடும்ப விசேஷம் வரும், ஏட்ரியன். இன்று ஒன்றுக்கு விட்டால் நாளைக்கு ஒன்பது. ஏழாவது ஷரத்து. அவ்வளவுதான்."

வைத்துவிட்டேன். பியானோவில் கை வைத்திருக்கும்போது என்னிடம் பேசக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

20 ஜூன், வெள்ளி

சத்தியசீலன் இறந்துவிட்டார். நேற்று மத்தியானமாம். காலையில் வள்ளியம்மா சொன்னாள். அவளும் அந்தத் தோட்டத்துக்காரிதான். அறக்கட்டளைப் பிள்ளையின் தகப்பன், போவது முறை. நானே கார் ஓட்டினேன். வள்ளியம்மா பக்கத்தில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

பழைய லயத்து வரிசையின் கடைசி வீடு. கொட்டகை போட்டிருந்தார்கள். குகன் மொட்டைத் தலையோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றான். செட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக. ரோட்டோரம் ஒரு வேன். தஞ்சோங் காராங் ஊர்ச் செட்டாம். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே உறுமியும் தவிலும் துணி உறையோடு அப்படியே. அந்தப் பிள்ளைகளும் இறங்கி நின்றார்களே தவிர ஒருவன்கூட உறையைக் கழற்றவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். மேளம் இல்லை, ஆட்டம் இல்லை, பட்டாசு இல்லை. வேன் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் பெண்கள் அழுகிற சத்தம். தோட்டத்துச் சாவு இவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது சத்தியசீலனின் மனைவி தனேஸ்வரியின் கையைப் பிடித்துச் சொன்னேன்: "எவ்வளவு மரியாதையான வழியனுப்பு. உங்கள் பிள்ளைகள் அடக்கமாக நடந்துகொண்டார்கள். பெருமைப்படுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு, "நெழல்ல ஒக்காருங்கம்மா, வெயிலா இருக்கு" என்றார்.

துக்கத்தில் இருக்கிறவர். என்ன சொன்னேன் என்று காதில் விழுந்திருக்காது.

21 ஜூன், சனி

விழுந்திருக்கிறது.

ஏட்ரியன் காலையில் கணக்குகளோடு வந்தான். பேச்சோடு பேச்சாக, "நல்ல வேளை ஆன்ட்டி, பசங்க சொன்ன பேச்சு கேட்டாங்க. ஃபாதர் ஃபியூனரல்ல கூட அடிக்கல" என்றான்.

என்ன சொன்னாய் என்றேன். திரும்பச் சொன்னான். வியாழக்கிழமை அனுமதி கேட்டது அதற்குத்தான். தகப்பன் பெட்டி கிளம்பும்போது அடிக்க. "நான் சொல்ல வந்தேன், நீங்க கட் பண்ணிட்டீங்க" என்றான். குரலில் குறை எதுவும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னான்.

போனை எடுத்துப் பார்த்தேன். கொயருக்காக சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். குகனின் பெயர் இரண்டு முறை. அவன் ஏட்ரியனிடம் போவதற்கு முன்னால் என்னிடம்தான் வந்திருக்கிறான்.

நான் அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன்? பெருமைப்படுங்கள் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு. கையுறை போட்டிருந்தேன். வெயிலுக்கு.

22 ஜூன், ஞாயிறு

திருப்பலிக்குப் போனேன். நற்கருணை வாங்கப் போகவில்லை. என் வரிசையில் எல்லாரும் எழுந்து போனார்கள், நான் முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டேன்.

23 ஜூன், திங்கள்

வள்ளியம்மாவைச் சமையலறையில் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். தெரிந்துகொண்டே அவள் காரில் வாய் திறக்காமல் வந்தாள் என்று கோபம். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். நான் என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று வரிசையாக எழுத இன்று முடியவில்லை. எழுத வேண்டியதை மட்டும்.

சாவு விழுந்தால் யாரும் செட்டைக் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். சாவுக்குச் சேதி கேட்டதும் தானாக வருவார்கள். தஞ்சோங் காராங் பிள்ளைகள் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் ஒரு செட்டுத் தலைவனின் வீட்டில் அவனுடைய சொந்தச் செட்டுத்தான் முதல் அடி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். சொந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கும்போது வந்தவன் அடித்தால், அது செத்தவரைக் கேவலப்படுத்துவது. அதனால்தான் உறையைக் கழற்றவில்லை.

நான் அதைப் பார்த்து ஒழுக்கம் என்று நினைத்தேன்.

"அவன் மீறியிருக்கலாமே?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அப்பன் சாவுக்கு அடித்ததற்கு நான் என்ன வழக்கா போடப்போகிறேன்?"

"போட மாட்டீங்கன்னு அவனுக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்றாள் வள்ளியம்மா.

உண்மையைச் சொன்னால் — போட்டிருப்பேனோ? வழக்குப் போட்டிருக்க மாட்டேன். ஒரு கடிதம் போயிருக்கும். மிக மரியாதையான கடிதம்.

24 ஜூன், செவ்வாய்

ஏழாவது ஷரத்தை நீக்கி, வருத்தம் தெரிவித்து, ஒரு கடிதம் எழுதி ஏட்ரியனிடம் கொடுத்தனுப்பினேன். நாலு வரி. ஓட்டையே இல்லை. திரும்ப வாசித்தபோது இன்னொரு ஒப்பந்தம் போலவே இருந்தது, ஆனாலும் அனுப்பினேன்.

27 ஜூன், வெள்ளி

பதில் இல்லை. வள்ளியம்மாவிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்.

தோட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லையாம். குகனைத்தான். கோலாலம்பூர் மேடைக்காக அப்பன் சாவை விற்றுவிட்டான் என்று. தனேஸ்வரியின் அண்ணன் முருகையா, பெஸ்தாரி ஜெயாவில் டயர் கடை வைத்திருக்கிறவர், மின்சுடலை வாசலில் எல்லாருக்கும் முன்னால், "உங்கப்பன் ஒனக்கு உறுமி கத்துக் குடுத்தானே, அந்தக் கைய மொதல்ல பெட்டியில வைக்கச் சொல்லுடா" என்று கத்தினாராம். செட்டில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். தாயும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாராம்.

பழி என் மேல் விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அது என்னைத் தாண்டிப் போய் அந்தப் பையன் மேல் விழுந்திருக்கிறது. என்னைத் திட்டக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பெரிய மனுஷி, கெரேத்தா ஓட்டிக்கிட்டு வந்தா, மாலை போட்டா, போயிட்டா.

30 ஜூன், திங்கள்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். "தெரியாமல் செய்தது, மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார் பங்குத்தந்தை. சிறிய பரிகாரம் கொடுத்தார். சிவப்பு மைக்கு இத்தனை நாள் பயந்தவர், இன்றைக்கும் பயந்துதான் கொடுத்திருக்கிறார்.

5 ஜூலை, சனி

இன்று கருமக்கிரியை. போவதா வேண்டாமா என்று காலையில் மூன்று முறை புடவை மாற்றினேன். கடைசியில் பசியாறாமலே கிளம்பினேன்.

அதே கொட்டகை. என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வந்திருந்தேன். முக்கால்வாசித் தமிழ் வரவில்லை.

"குகன் என்னிடம் கேட்டான். நான் என்ன காரணம் என்று கேட்காமலே முடியாது என்றேன். அந்த ஒப்பந்தத்தை எழுதியது நான். அவன் மேல் குற்றமில்லை" என்றேன். இன்னும் ஏதோ சொன்னேன். மரியாதையான வழியனுப்பு என்று நான் சொன்னதற்காகத் தனேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன்.

ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. பிறகு முருகையா சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும் லா லாயரம்மா. நீங்க எழுதினீங்க. கையெழுத்துப் போட்டது இவன்தானே? அப்பன் போற நேரத்துல எதப் பெருசுன்னு நெனைச்சான்? அதத்தான் நாங்க கேக்குறோம். நீங்க வந்து சொன்னதுக்கு சந்தோசம். இது எங்க வீட்டு சூசா, எங்க கஷ்டம், நாங்க பாத்துக்கிறோம். சாப்பிட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். நான் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவ்வளவு நிச்சயமாக நம்பிக்கொண்டு வந்திருக்கிறேன்! வெட்கத்தில்கூட நான்தான் முக்கியமானவள் என்று.

இலை போட்டார்கள். ரசம் ஊற்றிக்கொண்டு வந்தது குகன். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. "இன்னும் கொஞ்சம் விடவாம்மா?" என்றான்.

"ஏன் மீறவில்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்பா அன்னிக்கே கேட்டாரும்மா. நீங்க எல்லாத்துக்கும்னீங்க." வாளியைக் கீழே வைக்காமலே சொன்னான். "அவருக்கு அப்பவே ஒடம்பு முடியாது. தெரிஞ்சுதான் கேட்டாரு. அப்பறம்தான் போடுன்னாரு."

அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

6 ஜூலை, ஞாயிறு

எல்லாத்துக்குமாங்கம்மா? எல்லாத்துக்கும்.

தன் சாவைக் கேட்டிருக்கிறார். என் வரவேற்பறையில், என் மேசையில். நான் அதை ஷரத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். அவர் விளக்கமாகக் கேட்டிருக்கலாம் என்று இன்றும் ஒரு மூலையில் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எப்படி கேப்பாரு? நான் செத்தா அடிக்கலாமான்னு ஒரு மனுஷன் அந்நிய வீட்டுல ஒக்காந்து கேப்பாரா? நான்தானே கேட்டிருக்கணும். எதுக்குக் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்தை.

அந்த மகன் நினைத்திருக்கிறான்: அப்பா தெரிந்தே சம்மதித்த வாக்கு, அதைக் காப்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்று. மாமன் நினைக்கிறார், விற்றுவிட்டான் என்று. இரண்டுக்கும் நடுவில் என் ஏழாவது ஷரத்து.

19 ஜூலை, சனி

குகன் வந்திருந்தான். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். வள்ளியம்மா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நான் போனேன்.

"ஆகஸ்டுக்கு நாங்க வரலம்மா. கோவிச்சுக்காதீங்க. அப்பாவுக்கு அடிக்காம அங்க போய் அடிச்சா பசங்களுக்கு மனசு வராது. எனக்கும்தான்."

கோபமே இல்லை என்றேன். அறக்கட்டளை வாங்கிக் கொடுத்த தவில்களைத் திருப்பி எடுத்து வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"நீ இப்போது அடிக்கிறாயா, குகன்?"

"இல்லம்மா. லோரிக்கே நேரம் சரியா இருக்கு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

22 ஜூலை, செவ்வாய்

எங்கள் எல்லா ஒப்பந்தங்களிலிருந்தும் ஏழாவது ஷரத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஏட்ரியன் தலையைச் சொறிந்தான். "எடுத்துடலாம் ஆன்ட்டி. ஆனா நீங்க எழுதின டெஃபினிஷன் ரொம்ப டைட்டுன்னு இங்க மூணு நாலு ஃபர்ம் அப்படியே காப்பி பண்ணி யூஸ் பண்றாங்க. அத எப்படி எடுக்கிறது?"

பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னான், பாவம்.

23 ஆகஸ்ட், சனி

அரங்கத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். உறுமிக்குப் பதிலாகக் கொயர் இரண்டு பாடல் கூடுதலாகப் பாடியது. ஆல்டோ நன்றாக இருந்தது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. கலைஞர்களின் சொந்தக் காரணங்களால் வர இயலவில்லை என்று அறிவித்தார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குரலற்றவர்களின் குரல் என்று மேடையில் ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். ஒலிபெருக்கியை என் முன்னால் வைத்தார்கள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப்போகிறேன் என்றுதான் எழுந்தேன். முன்வரிசையில் பழைய கம்பெனித் தலைவர்கள், இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள், கிளாரிஸ்ஸா, அவள் கணவன்.

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்துக் கொட்டகையில் சொல்ல முடிந்தது. அங்கே என்னை யாரும் எடைபோட மாட்டார்கள் என்கிற தைரியம்தான் அது. இங்கே முடியவில்லை. இதுதான் என் அளவு. முரியல், இதுதான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கிளாரிஸ்ஸாவிடம் மட்டும் சொன்னேன். முழுவதும். அவள் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "ஓ, மம்மி" என்றாள். சிறுமியாக இருந்தபோது நான் அவளிடம் சொல்வேனே, மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, அதே தொனியில்.

11 அக்டோபர், சனி

வள்ளியம்மாவின் மாமியார் காளியம்மா நேற்றிரவு இறந்தார். பழுத்த வயது. அதே லயம், மூன்று வீடு தள்ளி. வள்ளியம்மா எனக்குச் சேதி மட்டும்தான் சொன்னாள், வரச் சொல்லவில்லை. போனேன். கையுறை போட்டுக்கொள்ளவில்லை.

செட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாருமா என்று எண்ணவில்லை, ஆனால் விலகியவர்கள் என்று கேள்விப்பட்ட முகங்களும் தெரிந்தன. குகன் அவர்களோடு இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் போத்தல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறவனைப் பார்த்தாலே தெரியும், ஒதுங்கிக்கொள்கிறான் என்று.

பெட்டியை மூடுகிற நேரம். முருகையா தனேஸ்வரியின் வீட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழையது, ஓரத்தில் பித்தளை வளையம் தேய்ந்திருந்தது. சத்தியசீலனுடையது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நேராகக் குகனிடம் போனார்.

"என்னடா தண்ணி அடுக்குற? இங்க என்ன மினரல் வாட்டர் யாவாரமா?"

குகன் நிமிரவில்லை.

"காளியம்மா கெழவி ஒனக்கு வாயில சோறு ஊட்டுனவடா. அவளுக்கும் சும்மா நிக்கப் போறியா?" வாரை அவன் தோளில் மாட்டினார். பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைக் கண்டுகொண்டார். கண்ணில் ஒரு குறும்பு. "இல்ல, லாயரம்மா நிக்கிறாங்கன்னு யோசிக்கிறியா? கேட்டுச் சொல்லவா? பெர்மிஷன் உண்டாங்கம்மா?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில். தனேஸ்வரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முகம் காதுவரை எரிந்தது. கைகளைக் கூப்பினேன். அது மட்டும்தான் செய்ய முடிந்தது.

குகன் குச்சியை வாங்கினான். தோலின் மேல் இழுத்தான். முதலில் வந்தது ஒரு முனகல்தான். அடிவயிற்றிலிருந்து யாரோ மறுப்பதுபோல. தனேஸ்வரி எழுந்து நின்றார். இரண்டாவது இழுப்பில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டோரத்தில் நின்ற தஞ்சோங் காராங் வேனின் பின்கதவில் பிள்ளைகள் அவசர அவசரமாகத் துணி உறைகளை அவிழ்ப்பதைப் பார்த்தேன்.

எனக்கு அந்த ஓசை இன்னும் பிடிக்கவில்லை. நெஞ்சில் இடிக்கிறது, காது வலிக்கிறது. பிடித்துவிட்டது என்று எழுதினால் இந்த நோட்டுக்கும் பொய் சொன்னவளாவேன். கடைசிவரை நின்றேன்.

தனேஸ்வரி கிளம்பும்போது என்னிடம் வந்தார். "அவருக்கு இல்லாமப் போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். அது அப்படியே இருக்கும். எத்தனை சாவுக்கு அடித்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். கிளாரிஸ்ஸா வந்திருந்தாள். டக்ளஸின் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்தோம். காற்று சுடரை அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் தன் செருப்பைக் கழற்றி மறைவு வைத்து மறுபடி மறுபடி ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் இறுதிச் சடங்குக் குறிப்பைக் கொண்டுவரச் சொன்னாள். அவள் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறாளாம். எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். கடைசி வரியைக் குறுக்கே அடித்தேன்.

அதன் கீழே உறுமி வாசிக்கலாம் என்று எழுதப் போனேன். எழுத வரவில்லை. எந்தச் செட்டு? யார் அனுமதித்தது? நான் எழுதி வைத்தால் அது கூப்பிட்டதாகிவிடும். கூப்பிட்டு வருவதற்கு இது கல்யாணமா? அவர்கள் சேதி கேட்டு வரலாம், வராமலும் இருக்கலாம். வராமல் இருந்தால் அதுவும் நியாயம்தான். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் எழுதிக் கட்டியவளுக்கு, எழுத முடியாத ஒரு வரி.

கிளாரிஸ்ஸா எட்டிப் பார்த்தாள். "சோ, டிரம்ஸ் வேணுமா வேண்டாமா மம்மி?"

"அது நீயும் நானும் சொல்கிற விஷயமில்லை."

"அப்போ நான் என்னதான் செய்யணும்?"

"கேட்டைத் திறந்து வை."

அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, தன் கையெழுத்தில், ஆங்கிலத்தில் அதை எழுதிக்கொண்டாள். பிறகு வக்கீல் மகள் அல்லவா, தலை நிமிர்ந்து கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"பெட்டி கிளம்புகிற வரைக்கும்" என்றேன்.